சருகுமானுக்குப் புதர் எவ்வளவு

ஜூன் 5

பேசாமல் இருந்தது போதும். இருபது வருடம் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்கத் தாராளமான காலம்.

பேராசிரியர் வில்வநாதனின் வாழிடக் கையேட்டில், கடைசியில், பெரிய அட்டவணை ஒன்று உண்டு. நாற்பத்தொரு விலங்குகள், பதினோரு பத்திகள். எந்த விலங்குக்கு எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம், எவ்வளவு நிழல், எத்தனை துணை. அது என் அட்டவணை. அவரிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மூன்று வருடம் காட்டில் அலைந்து சேர்த்தது. புத்தகத்தின் நன்றியுரையில் அவருடைய ஓட்டுநர் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.

சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனத்தில் இன்று சேர்ந்தேன். மூன்று மாத ஒப்பந்தம். விலங்குப் பூங்கா கட்டும் விளையாட்டு. விளையாடுபவர் நிலத்தை வளைத்து வேலி போட்டு, புல், பாறை, நீர், மரம் என்று வாழிடம் அமைத்து, அதற்குப் பொருந்தும் விலங்கைத் தேர்ந்தெடுத்து உள்ளே விட வேண்டும். பொருந்தினால் விலங்கின் தலைக்கு மேல் பச்சைப் பட்டை. பொருந்தாவிட்டால் மஞ்சள், சிவப்பு, பிறகு சாவு. விலங்குகளின் தேவைகளைச் சரிபார்க்க விலங்கியல் படித்த ஆள் வேண்டுமாம். கல்லூரி வேலையை விட்டு ஆறு வருடமாக வீட்டில் இருக்கிறேன். ஒப்புக்கொண்டேன்.

போன பிறகுதான் தெரிந்தது. முகப்பில் 'அறிவியல் ஆலோசனை: பேராசிரியர் வில்வநாதன்' என்று போடப் போகிறார்கள். தகவல் முழுக்க அவருடைய கையேட்டிலிருந்து.

ஆதாரம் திரட்டி, தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளத்தான் இந்த நோட்டு. விளையாட்டு வெளியாவதற்குள் ஊருக்குச் சொல்லிவிடுவேன்.

வரும் வழியில் ஸ்கூட்டருக்கு பிரேக் ஒயர் மாற்றினேன்.

ஜூன் 7

குழுத் தலைவி ரெஹானா. முப்பது வயதிருக்கும். வேகமாகப் பேசுகிறார், அதைவிட வேகமாகத் தட்டச்சு செய்கிறார். முதலில் நானே விளையாடிப் பார்க்க வேண்டும் என்றார்.

பாறைகளை அடுக்கி வரையாடு விட்டேன். எட்டு நிமிடத்தில் சிவப்பு.

"சார், அது உயரமான எடத்துல இருக்கற விலங்கு. நீங்க தரைமட்டத்துல பாறைய போட்டிருக்கீங்க. அதுக்கு வெயில் தாங்கலை."

"வரையாடு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியும் சார். ஆட்டுக்குத் தெரியணுமே."

பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். நிலத்தை உயர்த்தினேன். பச்சை.

ஜூன் 8

சிறுத்தைக்கு மரம் போதவில்லை. மஞ்சள். மரம் வைத்தேன். பச்சை. நீர்நாய்க்கு ஓடும் நீர் வேண்டும், குளம் போதாது. கரடிக்குப் பக்கத்துக் கூண்டில் புலி இருக்கக்கூடாது. விலங்கை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு இடம் தேடுபவர்கள் எல்லாருமே தோற்கிறார்கள். இடத்தை முதலில் பார்த்து, இங்கே யார் வாழ்வார்கள் என்று கேட்பவர்கள் ஜெயிக்கிறார்கள். இந்த அளவுக்கு நியாயம் எங்கள் கல்லூரியில் இருந்ததில்லை.

ஜூன் 9

இன்று ஒரு வேடிக்கை.

ரெஹானா கட்டியிருந்த மாதிரிப் பூங்காவில், வெட்டிவிட்ட புல்தரை நடுவில், ஒரு சருகுமான் நின்றுகொண்டிருந்தது. தலைக்கு மேல் அடர்ந்த பச்சை. பரம திருப்தி.

சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். காட்டில் மூன்று வருடத்தில் நான் அதை முழுதாகப் பார்த்தது நான்கு முறை. சருகுக்கும் புதருக்கும் நடுவே பிறந்து, அங்கேயே செத்துப்போகிற பிராணி. வெட்டவெளியில் விட்டால் மிரண்டு ஓடி வேலியில் முட்டிக் கழுத்தை ஒடித்துக்கொள்ளும். அதன் வாழிடத்தில் எண்பது சதவீதம் புதர் வேண்டும். விளையாட்டின் தகவலைத் திறந்தேன். புதர்: 20. கையேட்டைத் திறந்தேன். அதிலும் 20.

திருடியதைக்கூட ஒழுங்காகப் பார்த்து எழுதத் தெரியவில்லை அவருக்கு. இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. 2004இல் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய பூங்காவில் பதினோரு சருகுமான்கள் ஒரே மாதத்தில் செத்தன. பூங்காவை மூடியே பதினைந்து வருடம் இருக்கும். அப்போது பராமரிப்பாளர் ஒருவரின் கவனக்குறைவு என்று முடிவு செய்து வேலையை விட்டு அனுப்பினார்கள். விசாரணைக் குழுவில் நானும் ஒரு நாள் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. இப்போது புரிகிறது. கூண்டு அமைத்தது கையேட்டைப் பார்த்து. கொன்றது கையேடு.

நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 11

என் பழைய களக்குறிப்பு நோட்டைத் தேடி பரணில் ஏறினேன். மனைவி கோமதி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருவது வருசமா அந்தப் பொட்டிய எறியுங்கன்னு சொல்றேன். அதுல என்னதான் அடை காக்கறீங்க?"

"ஆதாரம்."

"எதுக்கு?"

"உனக்குப் புரியாது."

"புரியாம என்ன? வில்வநாதனுக்குத்தான். புதுசா வேறென்ன இருக்கப்போவுது?" என்று ஏணியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். இறங்குவது சிரமமாக இருந்தது.

நோட்டு கிடைத்தது. பூச்சி அரித்திருந்தாலும் படிக்க முடிகிறது. கடமான் 40, கேளையாடு 60, சருகுமான் 80, புள்ளிமான் 20, வெளிமான் 5. என் கையெழுத்து. தேதியும் உண்டு. பெட்டியின் மற்ற காகிதங்களை இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 12

வில்வநாதனுடன் வீடியோவில் கூட்டம். எழுபத்தைந்து வயதில் பல் வரிசை மாறாமல் இருக்கிறது. ரெஹானா என்னை அறிமுகப்படுத்த வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"அட, நம்ம பையன்! ரெஹானா, இவன் என்னோட ஸ்டூடண்ட் தெரியுமோ? தங்கமான கை. இவன் டைப் அடிச்சா ஒரு தப்பு இருக்காது. புக்ல அந்தப் பெரிய டேபிள் இருக்கே, முழுசா இவன்தான் அடிச்சுக் குடுத்தான்."

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. பையன். மூன்று வருடக் காடு, அவர் வாயில் தட்டச்சு ஆகிவிட்டது.

"சருகுமானுக்குப் புதர் இருபது சதவீதம் என்று போட்டிருக்கிறீர்கள் சார். எந்த அடிப்படையில்?" என்று கேட்டேன்.

"நீ குடுத்ததுதானேப்பா. நான் ஒரு புள்ளிகூட மாத்தல. மாத்துவனா? அந்த நம்பிக்கையிலதானே காலேஜுக்கு லெட்டர் குடுத்தேன், ஞாபகமிருக்கா? அந்த விசாரணை முடிஞ்ச கையோட?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவசரமாக ஒரு கோப்பைச் சேமிக்க வேண்டியிருந்தது.

ஜூன் 13

பெட்டியின் அடியில் 1999இல் அவருக்குக் கொடுத்த அச்சுப் பிரதியின் நகல் கிடைத்தது. இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 15

குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தார். வாஷர் தேய்ந்துவிட்டதாம்.

அச்சுப் பிரதி பற்றி. புதர் பத்தியில், மான்கள் தொடங்கும் இடத்தில், கடமானுக்கு உரிய 40ஐ அடிக்காமல் விட்டிருக்கிறேன். அதனால் மற்ற எண்கள் எல்லாம் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டன. கடமானுக்கு 60, கேளையாட்டுக்கு 80, சருகுமானுக்கு 20, புள்ளிமானுக்கு 5. கடைசியில் வெளிமானுக்கு எதுவும் இல்லை. வெளிமான் திறந்த வெளியில் வாழ்வது. இல்லை என்றால் பூஜ்ஜியம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கூடுதலாகப் புதர் கிடைத்ததால் கடமானோ கேளையாடோ சாகப்போவதில்லை. புள்ளிமானும் வெளிமானும் எப்படியும் சமாளித்துக்கொள்ளும். ஐந்தில் ஒன்றுக்கு மட்டும்தான் அந்தத் தவறு உயிர்ப் பிரச்சினை.

வில்வநாதன் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. உண்மைதான்.

நாற்பதை அடிக்க வேண்டிய நேரத்தில் எழுந்து போயிருக்கிறேன் போலிருக்கிறது. அவர் கூப்பிட்டார், அதனால் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நினைவில்லை.

விசாரணை அறிக்கையின் நகலும் அதே பெட்டியில்தான் இருந்தது. மூன்று பேர் குழு. தலைவர் வில்வநாதன். இன்னொருவர் ஒரு கால்நடை மருத்துவர், இறந்துவிட்டார். மூன்றாவது நான். கூண்டை டேப் வைத்து அளந்தவன் நான். இருபத்தொரு சதவீதம் புதர் இருந்தது. 'வாழிடம் கையேட்டின் அளவுக்கு முற்றிலும் பொருந்துகிறது' என்று என் கைப்பட எழுதியிருக்கிறேன். எண்பது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் அன்று அந்த எண் கண்ணில் உறைக்கவில்லை. அது என் அட்டவணை என்று தெரிந்ததால்தான் சரிபார்க்கத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். கல்லூரி வேலைக்கான கடிதத்தைப் பற்றியும் அன்று நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அறிக்கையின் அடுத்த வரியும் என்னுடையதே. 'பணியாளர் தன்னிச்சையாக வேலியோரம் தென்னங்கீற்றுகளைக் கட்டி விலங்குகளைக் கலவரப்படுத்தியுள்ளார்.'

அச்சான எழுத்து எதிலும் என் பெயர் இல்லை என்று இத்தனை வருடம் சொல்லி வந்தேன். இதில் இருக்கிறது. பட்டத்தோடு.

ஜூன் 16

சருகுமானுக்கு எண்பது போடச் சொன்னேன்.

"எண்பதா? அப்புறம் மான் எங்க சார் தெரியும்?"

"தெரியாது. அதுதான் சருகுமான்."

"ரெண்டு மணி நேரம் ஒக்காந்து கூண்டு கட்டறவங்க வெறும் புதரையா பாத்துட்டிருப்பாங்க? நீங்க மீட்டிங்ல கேட்டீங்கன்னு நேத்தே புதரக் கொஞ்சம் கூட்டி வெச்சுப் பாத்தோம். ஒருத்தர் என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'செடி பார்க்க நான் நர்சரிக்கே போவேன்'னு."

"இருபது வைத்தால் அது செத்துப்போகும்."

"விளையாட்டுல சாகாது சார். நாம சொன்னாத்தான் சாகும்." பிறகு குரலை இறக்கி, "புரபசர் புக்ல இருபது. நீங்க எண்பது. நான் யார் சொல்றத எடுத்துக்கறது? எதை வெச்சு?" என்றார்.

நோட்டைக் காட்டினேன். பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுடையது."

"அப்போ அந்த இருபது எங்கேருந்து வந்துச்சு சார்?"

தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொன்னேன். திரும்பி வந்தபோது அவர் எண்பது என்று மாற்றியிருந்தார். 'கடினமான விலங்கு' என்று ஒரு முத்திரையும் சேர்த்திருந்தார். அப்படிப்பட்டதைத் தேடிப் பிடித்து விளையாடவே சிலர் இருக்கிறார்களாம்.

நிறுவனத்தின் பொது விவாதப் பக்கத்தில் அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. 'சருகுமானுக்குப் புதர் எவ்வளவு?' என்று தலைப்பு. உண்மையான பூங்காக்களில் வேலை செய்பவர்களும் அங்கே எழுதுகிறார்கள். பெரும்பாலோர் கையேட்டின் பக்கம்.

ஜூன் 17

ஊருக்குச் சொல்லும் கட்டுரையை எழுதி முடித்தேன். நான்கு பக்கம். என் தட்டச்சுப் பிழையை ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் சரிபார்க்காமல் அச்சிட்டவர் அவர், விசாரணைக்குத் தலைமை தாங்கியவரும் அவர். கீழே என் முழுப்பெயர், பட்டங்கள்.

பராமரிப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுவது முறை. அறிக்கையில் முகவரி இருக்கிறது. சிறுமுகைப் பக்கம்.

ஜூன் 18

ஞாயிற்றுக்கிழமை. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது.

அந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி, "யாரு, மான்கொல்லியா? மண்டபத்துல வாட்ச்மேனா இருக்குதுங்க" என்று வழி சொன்னார்.

கல்யாணம் முடிந்து மண்டபத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பராமரிப்பாளராக இருந்த மாரப்பன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபது தாண்டியிருக்கும். நான் பெயர் சொல்வதற்குள், "டேப்பு சார் தானுங்களே?" என்றார்.

"ஞாபகம் இருக்கிறதா?"

"இல்லாம என்னங்க. நீங்க அளந்தப்போ டேப்போட மறுமொனைய நான்தானுங்க புடிச்சுட்டு நின்னேன். இழுத்துப் புடி, இழுத்துப் புடின்னீங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. இரண்டு நாற்காலிகளைப் பிரித்துப் போட்டார். உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். வரிசை மாறியதைக் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்.

"அப்ப நெசமா எவ்வளவுங்க இருக்கோணும்?"

"எண்பது."

சிரித்தார். "நான் கீத்து கட்டுனது முக்காவாசி வந்துருச்சுங்க. மொதல் மான் எங்க முட்டுச்சோ அந்த எடத்துலருந்து கட்டிக்கிட்டே வந்தேன். கட்டுன பக்கம் ஒண்ணு சாவுலீங்க. எல்லாம் கட்டாத பக்கம் ஓடித்தான் செத்துச்சு. இன்னும் ரெண்டே நாள் உட்டிருந்தா முடிச்சிருப்பேன். வர்ற சனம் மானைப் பாக்க முடியலைன்னு ஆபீசர் வந்து பிரிக்கச் சொன்னாரு. செவுத்துல ஒட்டுன சீட்டக் காட்டி, 'நீ இந்தப் புஸ்தகத்தவிடப் பெரிய ஆளா'ன்னாரு."

"இதை விசாரணையில் சொன்னீர்களா?"

"சொன்னனுங்க. உங்ககிட்டத்தான் சொன்னேன். நீங்க எழுதிக்கூட வெச்சீங்க. எங்கூர்ல எம்பேரு இப்ப என்ன தெரியுங்களா? மச்சினன் மக கல்யாணம், இதே மண்டபம். பந்திக்குக் கூப்புடறவன் மைக்குல, 'மான்கொல்லி மாரப்பன் எங்கிருந்தாலும் சாப்புட வரவும்'ங்கறான். சபையே சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன்."

கட்டுரையைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நான்கு பக்கத்தையும் படித்தார். விரல் வைத்து எதையோ எண்ணினார்.

"அந்தப் புரபசர் பேரு பதினேழு எடத்துல வருதுங்க. எம்பேரு ஒருக்கா. அதும் மாரியப்பன்னு போட்டிருக்கீங்க."

"திருத்திவிடுகிறேன். முக்கியமான விஷயம்—"

"முக்கியமான விசயம் உங்களுக்கு அவரு. எனக்கு அவரு யாருன்னே தெரியாதுங்க. அன்னைக்கி வந்து எளநி குடிச்சுட்டுப் போனாரு, அவ்வளவுதான்." காகிதத்தை மடித்து என் கையில் வைத்தார். "நீங்க உங்க பேரப் போட்டு எழுதுவீங்க. அவரு பதில் எழுதுவாரு. அதுக்கு நீங்க ஒண்ணு எழுதுவீங்க. படிக்கறவன் ரெண்டு படிச்சவங்க சண்டைன்னு வேடிக்கை பாப்பான். நான் மறுக்காவும் டேப்போட மறுமொனையப் புடிச்சுக்கிட்டு நிக்கோணுங்களா?"

மடித்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"எழுதறதுன்னா கீத்து கட்டுனது சரின்னு எழுதுங்க. சீட்டு தப்பு, கீத்து சரி. மாரப்பன் கட்டுனான். எங்க பசங்க எல்லாம் போன்லதான் படிக்கறானுங்க, அவனுங்க படிக்கட்டும். உங்க ரெண்டு பேரு பஞ்சாயத்த வேறெடத்துல வெச்சுக்குங்க சார்."

உள்ளிருந்து யாரோ, "மான்கொல்லி, நாப்பது சேரு கொறையுது!" என்று கத்தினார்கள். "இந்தா வர்றனப்பா" என்று எழுந்து போனார். நாங்கள் உட்கார்ந்திருந்த இரண்டும் போக மீதி எங்கே என்று அவர் கணக்குச் சொல்வது கேட்டது. எழுந்து நாற்காலிகளைக் கொண்டுபோய் அடுக்கில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 19

கோபமாக இருக்கிறது. நான் தேடிப் போகாவிட்டால் அவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 20

வில்வநாதன் பெயரை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். கட்டுரை பாதியாகக் குறைந்தது. மூன்று வருடக் காட்டலைச்சலை எடுத்தேன். அதில் பாதி ஆனது. பூச்சி, டைபாய்டு, நன்றியுரை, ஓட்டுநர் எல்லாம் போயின. மிச்சம் பதினொரு வரி. இருபது வருடமாக மனதில் எழுதி வந்த கட்டுரையில் இவ்வளவுதான் தேவையாக இருந்திருக்கிறது.

அலுவலகத்தில் ஒரு பையன் எண்பது சதவீதப் புதரில் சருகுமானை வளர்த்துக் குட்டி போட வைத்துவிட்டானாம். ரெஹானா திரையைக் காட்டினார். புதர் மட்டும்தான் தெரிந்தது. அதன் மேல் இரண்டு பச்சைப் பட்டைகள்.

"இப்ப அந்த இருபது எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்றீங்களா சார்?"

சொன்னேன். முழுக்க. கடைசியில், "முகப்புல யார் பேர் போடறது சார்? மாத்தணுமா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காக இருபது வருடம் காத்திருந்தேன். அது உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஜூன் 21

விவாதப் பக்கத்தில் போடப்போவது இதுதான்:

'சருகுமானுக்குப் புதர் எண்பது சதவீதம். கையேட்டில் உள்ள இருபது தவறு. 1999இல் அட்டவணையைத் தட்டச்சு செய்தபோது ஒரு வரிசை மாறியதால் வந்த பிழை. களக்குறிப்பின் படமும் அச்சுப் பிரதியின் படமும் கீழே உள்ளன, ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்தப் பிழையை நம்பி அமைத்த கூண்டில் 2004இல் பதினோரு சருகுமான்கள் இறந்தன. அவற்றைப் பராமரித்த சிறுமுகை மாரப்பன், புதர் போதாது என்பதை எந்தப் புத்தகமும் இல்லாமல் கண்டுபிடித்து, வேலியைச் சுற்றித் தென்னங்கீற்று கட்டத் தொடங்கினார். கீற்று கட்டிய பக்கம் ஒரு மானும் இறக்கவில்லை. அதைப் பிரிக்கச் சொன்னார்கள். பிறகு, கட்டியதையே குற்றமாக்கி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் செய்தது சரி. அவர் எந்த மானையும் கொல்லவில்லை. பிழையாகத் தட்டச்சு செய்தவரும், அந்தக் கூண்டை அளந்துவிட்டுச் சரி என்று எழுதியவரும் ஒரே ஆள். அந்த ஆள்தான் இதை எழுதுகிறார்.'

போனில் மாரப்பனுக்குப் படித்துக் காட்டினேன். "சிறுமுகைன்னு போட்டது நல்லாருக்குதுங்க. ஊர்ல இன்னொரு மாரப்பன் இருக்கறான், ஆனா அவன் வாழைக்காரன். கீத்துன்னா நான்தான்" என்றார். பிறகு, "சேர் எடுத்து வெச்சுட்டுப் போனீங்கன்னு சொன்னாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் உயிரோடு இல்லை, இன்னொருவர் இப்படி எழுதமாட்டார். எங்கள் துறையில் இருக்கிறவர்கள் ஐந்து நிமிடத்தில் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அது அவர்கள் பாடு. பெயர் போடாமல் இருப்பது மாரப்பன் கேட்டதற்காகவா, அல்லது நாளைக்கு யாராவது கேட்டால் நான் இல்லை என்று சொல்லிக்கொள்ளவா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். இரண்டையும் பிரிக்க முடியவில்லை. பிரித்து முடிக்கும்வரை காத்திருந்தால் இன்னொரு இருபது வருடம் ஆகும்.

கோமதி எட்டிப் பார்த்துப் படித்தாள். "கீழ உங்க பேரு?" என்றாள்.

"வேண்டாம்."

ஒரு முறை என் பெயர் இல்லாமல் என் எழுத்து வெளியாயிற்று. அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. இந்த முறை நானே முடிவு செய்திருக்கிறேன். பெயரில்லாமல் போடுகிறேன்.